செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: ஊட்டிக் குளிரில் ஒரு டீசல் கார்

கேட்டவரின் பிரச்சினை இதுதான். 2013 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் கார். கோவையில் வாங்கியது. வேலை மாற்றலாகிப் போன கோடையில் ஊட்டிக்குக் கொண்டுவந்திருக்கிறார். டிசம்பர் பிறந்ததிலிருந்து காலை ஆறரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பத்துப் பதினைந்து விநாடி கழித்துத்தான் இன்ஜின் பிடிக்கிறது. பிடித்ததும் வண்டியே குலுங்குகிறது, பின்னால் வெள்ளைப் புகை. ஒரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. பத்து மணிக்கு மேல் எடுத்தால் தொட்டவுடன் ஸ்டார்ட். புது பேட்டரி போட்டும் மாற்றமில்லை. இப்போது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு நோசிலையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல்தான், குளிரில் ஸ்டார்ட் செய்ய ஒவ்வொரு சிலிண்டரையும் உள்ளே சூடாக்கும் சின்ன மின் ஹீட்டர் அது. நோசில் அதற்கும் வெகு பின்னால் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

குளிர்காலத்து ஸ்டார்ட்டிங் கோளாறில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனைதான் கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடியற்காலையில் முதல்முறை திருப்புகிறீர்களே, அந்த ஒரு தடவை. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் இன்ஜின் சூடாகிவிடும், லைனில் டீசல் நிறைந்துவிடும், பேட்டரி விழித்துக்கொள்ளும். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் நல்லதாகவே தெரியும். நீங்கள் பதினோரு மணிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் ஒர்க் ஷாப்பில் விட்டால் மெக்கானிக்குக் கிடைப்பது சூடான வண்டி. பாவம், அவர் என்ன செய்வார்? ஊகத்தில் ஒன்றைச் சொல்வார். குன்னூரிலும் ஊட்டியிலுமாக இருபத்தைந்து வருடம் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்த எனக்கும் இந்த ஊகத்தில் பலமுறை மூக்குடைந்திருக்கிறது.

ஆகவே அந்த ஒரு தடவையை வீணாக்காமல் மூன்றைக் கவனியுங்கள். செல்ஃப் எந்த வேகத்தில் சுற்றுகிறது? சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? பிடித்தபின் எப்படி ஓடுகிறது? ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தி போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சத்தமும் புகையும் சேர்ந்து பதிவாகிவிடும்.

செல்ஃப் மெதுவாக, முனகி முனகிச் சுற்றினால் அது மின்சாரப் பக்கத்துக் கோளாறு. பேட்டரி, டெர்மினல், எர்த் கேபிள், செல்ஃப் மோட்டார், இல்லையென்றால் கெட்டியான இன்ஜின் ஆயில். வேகமாகச் சுற்றியும் சைலன்சரில் துளிப் புகைகூட இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவே இல்லை. வேகமாகச் சுற்றுகிறது, பச்சை டீசல் வாடையோடு வெள்ளைப் புகையும் வருகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. உங்கள் வண்டி இந்த மூன்றாவது ரகம்.

ஏன் எரியவில்லை? டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றை அழுத்தி அதனால் வரும் சூட்டில்தான் டீசல் தீப்பிடிக்க வேண்டும். அழுத்த விகிதம் 17க்கு 1 என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போட்டால், 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று அழுத்தத்தின் முடிவில் 430 டிகிரி வரை ஏறும். அதே காற்று 0 டிகிரியில் உள்ளே போனால் 360 சொச்சத்தோடு நின்றுவிடும். தொடக்கத்தில் 30 டிகிரி குறைந்தால் முடிவில் 70 டிகிரி குறைகிறது. இதிலும் ஒரு பங்கைச் சில்லிட்ட சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். போதாததற்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்று மெலிந்தால் டீசல் பற்றிக்கொள்ள இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கோவையில் ஹீட்டர் பிளக் நான்கும் செத்துக் கிடந்தாலும் இந்த ரக இன்ஜின் ஒன்றும் தெரியாததுபோல ஸ்டார்ட் ஆகும். அங்கே அதற்கு வேலையே இல்லை. உங்கள் பிளக் அநேகமாக ஊட்டிக்கு வந்து கெடவில்லை. கெட்டுப்போய்த்தான் மலையேறி வந்திருக்கிறது.

இன்னொரு தடயமும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். பிடித்தபின் ஒரு நிமிடம் குலுங்குகிறது, புகைகிறது என்றீர்கள். இந்த மாதிரி இன்ஜின்களில் ஸ்டார்ட் ஆன பிறகும் கொஞ்ச நேரம் ஹீட்டர் பிளக்குக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காக எரியட்டும் என்று. இரண்டு பிளக் செத்திருந்தால் இரண்டு சிலிண்டர் எரியும், மற்ற இரண்டும் பச்சை டீசலைப் புகையாகத் துப்பும். அந்தக் குலுக்கல் அதுதான்.

மீட்டரில் மஞ்சள் சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே, அப்படியானால் ஹீட்டர் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்பீர்கள். இல்லை. அந்த விளக்கு இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் போட்ட கணக்குப்படி எரிந்து அணைகிறது. பிளக் சூடாகிறதா என்பது அதற்குத் தெரியாது. பல பழைய வண்டிகளில் நான்கு பிளக்கையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாலும் விளக்கு தன்பாட்டுக்கு எரிந்து அணையும்.

சோதிப்பது சுலபம். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு வயர் வரும். சாவியை எடுத்துவிட்டு அந்த வயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மீட்டர் வயருக்கே கொஞ்சம் ஓம் காட்டும், அதைக் குறித்துக்கொண்டு பின்னால் கழித்துவிடுங்கள். இப்போது ஒரு முனை பிளக் தலையில், இன்னொன்று இன்ஜின் உடம்பில். நல்ல பிளக் பெரும்பாலும் 1 ஓமுக்குப் பக்கத்தில், சில ரகங்களில் அதற்கும் கீழே காட்டும். செத்தது ஒன்றுமே காட்டாது. நான்கில் ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நின்றால் அதையும் நம்பாதீர்கள். மல்டிமீட்டர் இல்லையென்றால் ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பிளக் தலைக்குப் பிடித்தால், உயிருள்ள பிளக்கில் லாம்ப் எரியும்.

கழற்றி வெளியே எடுத்து பேட்டரியில் நேராகக் கொடுத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. பழைய ரக 12 வோல்ட் பிளக்குக்கு அது சரி, கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும். நுனி 800 டிகிரிக்கு மேல் போகும். ஆனால் 5 வோல்ட், 7 வோல்ட் பிளக்குகள் வந்து ரொம்ப நாளாகிறது. அவற்றில் 12 வோல்ட் கொடுத்தால் சில விநாடிகளில் கருகிவிடும். பிளக்கின் உடம்பில் எத்தனை வோல்ட் என்று பொறித்திருக்கும், படித்துவிட்டுக் கொடுங்கள்.

பிளக் நான்கும் நன்றாக இருந்தால் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஒருவர் சாவியை ஆன் செய்ய, இன்னொருவர் பிளக் வயரில் வோல்ட் பார்க்கலாம். கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் வசதி. ஒரு பிளக் சராசரியாக 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும் என்பதால் மொத்த வயரைக் கவ்விப் பிடித்தால் எத்தனை பிளக் உயிரோடு இருக்கிறது என்று வகுத்தே சொல்லிவிடலாம். ஒன்றுமே வரவில்லையென்றால் ஹீட்டர் ரிலே, அதன் பெரிய ஃபியூஸ். இரண்டும் சரியென்றால், இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் விடியற்காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் படிக்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 4 டிகிரி, கூலண்ட் 50 டிகிரி என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பி, இன்ஜின் சூடாகத்தானே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஹீட்டரைப் போடாமல் இருந்துவிடும்.

பிளக்கைக் கழற்றும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். பத்து வருடம் உள்ளேயே இருந்த பிளக் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் குளிர்ந்த இன்ஜினில் ஸ்பேனரை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். பிளக் பாதியில் முறிந்தது. முறிந்த துண்டை எடுக்க இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதச் சம்பளம் அதில் போனது. முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் ஊற்றி ஊறவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி திருப்பி எடுக்க வேண்டும். இரண்டு பிளக் போயிருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள், மற்ற இரண்டுக்கும் அதே வயதுதான்.

சரி, நோசிலை ஏன் பின்னால் தள்ளினேன்? காமன் ரெயில் இன்ஜினில், எல்லா நோசிலுக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான ரெயிலுக்குள் சுமார் 200 பார் அழுத்தம் ஏறினால்தான் கம்ப்யூட்டர் டீசலை உள்ளே விடும். நோசில் தேய்ந்து, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப்பில் டீசல் அதிகம் கசிந்தால் அந்த அழுத்தம் ஏறாது, வண்டி பிடிக்காது. மெக்கானிக் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் டீசல் சூடானால் இன்னும் நீர்த்துப்போகும், கசிவு இன்னும் கூடும். தேய்ந்த நோசில் பெரும்பாலும் சூடான வண்டியில்தான் தகராறு செய்யும், பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கும்போது. உங்கள் வண்டியோ சூட்டில் தொட்டவுடன் எடுக்கிறது. தெளிப்பு கெட்டுப்போன நோசில் குளிரில் படுத்தும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ரிட்டர்ன் பைப்புகளைக் கழற்றி நான்கு சிறு பாட்டில்களில் விட்டு, எது அதிகம் நிறைகிறது என்று பார்க்கும் அரைமணி நேரச் சோதனையைச் செய்து காட்டாமல் நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

லைனில் காற்று பிடிப்பது இன்னொரு சாத்தியம். மலையூரில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சௌகரியம் இருக்கிறது, நாம் எல்லோரும் சரிவில்தான் வண்டி நிறுத்துகிறோம். ஒரு ராத்திரி மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள், மறு ராத்திரி மூக்கு கீழே. மேலே இருந்த காலை பிடிக்காமல், கீழே இருந்த காலை உடனே பிடித்தால் டீசல் டேங்குக்கே திரும்பி வடிகிறது என்று அர்த்தம். ஃபில்டர் மூடியின் ஓரிங், பைப் ஜாயின்ட், இவற்றில் எங்கோ காற்று இழுக்கிறது. குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்குவதால் பகலில் பிடித்துக்கொள்ளும் ஓரிங் விடியற்காலையில் கைவிடும். ஃபில்டர் பக்கத்தில் கை பம்ப் இருக்கும் வண்டியானால் ஸ்டார்ட் செய்யும் முன் கெட்டியாகும் வரை அமுக்கிப் பாருங்கள். அதற்கப்புறம் உடனே பிடித்தால் வேறு சாட்சி வேண்டாம். இந்தக் கோளாறில் சுற்றும்போது புகையே வராது என்பதால் உங்கள் வண்டிக்கு இது பொருந்தும் என்று தோன்றவில்லை.

டீசல் உறைந்துபோகிறது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். டீசலில் மெழுகு இருக்கிறது, குளிரில் அது திரிந்து ஃபில்டரை அடைக்கும், உண்மைதான். நம் நாட்டு டீசல் தரமான ஐ.எஸ். 1460இல் ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு இரண்டு வரம்பு உண்டு: கோடைக்கு 18 டிகிரி, குளிர்காலத்துக்கு 6 டிகிரி. அதற்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தா புல்வெளி வெள்ளையாகும் காலையில் 0 டிகிரி தொடுகிறது என்றால் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்ததற்குக் காரணமும் இந்த மெழுகுதான்; அதுவரை அங்கே லாரிக்காரர்கள் டேங்குக்கு அடியில் தீ மூட்டியெல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மெழுகு அடைத்தால் அறிகுறி வேறு. வண்டி ஸ்டார்ட் ஆகும், இரண்டு நிமிடம் ஓடும், பிறகு இழுவை குறைந்து நின்றுபோகும். உங்களுக்கு நேர்மாறாக, ஓட ஓடச் சரியாகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: யார் சொன்னாலும் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். அதை நீர்க்கச் செய்தால் பம்ப் தேயும், அந்தச் செலவுக்கு முன்னால் நோசில் செலவு சின்னதாகத் தெரியும். ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை மட்டும் குளிர்காலத்துக்கு முன்பே வடித்துவிடுங்கள்.

பேட்டரியை மாற்றிவிட்டதாகச் சொன்னீர்கள், செல்ஃபும் வேகமாகச் சுற்றுகிறது, அதனால் உங்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம். மெதுவாகச் சுற்றும் வண்டி வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 0 டிகிரியில் பேட்டரியின் திறனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி இன்ஜின் அதிக பலம் கேட்கும். ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது, உறைபனிக் காலையில் 9 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஊட்டிக்குள்ளேயே ஃபிங்கர்போஸ்டிலிருந்து சேரிங் கிராஸ் வரை போய்த் திரும்பும் வண்டியில் புது பேட்டரியும் நிறையாது. ஒரு ஸ்டார்ட்டுக்கும் ஹீட்டருக்கும் செலவழித்ததைத் திருப்பிக் கட்டவே அந்தத் தூரம் போதாது. வாரம் ஒருமுறை கோத்தகிரி வரையாவது ஓட்டுங்கள்.

இதில் எல்லோரும் விட்டுவிடுவது எர்த் கேபிள், பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் வண்டி உடம்போடும் இணைப்பது. ஒரு ஜீப் வந்தது, ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி, ஒரு செல்ஃப் மாற்றியாகிவிட்டது, காலையில் மட்டும் முனகுகிறது. ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் உடம்பில் மாட்டித் திருப்பச் சொன்னேன். அடித்துக்கொண்டு சுற்றியது. கியர் பாக்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் எர்த், போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துப்போய் நான்கு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டரில் பார்ப்பதானால் ஒரு முனை நெகட்டிவ் டெர்மினலில், மறுமுனை இன்ஜினில் வைத்து செல்ஃப் அடிக்கும்போது படியுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டி நகர்ந்தால் அங்கேதான் களவு போகிறது.

ஆயில் விஷயம் சுருக்கமாக. கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கும் இன்ஜினுக்கு, சமவெளியில் யாராவது குளிரில் அதைவிடக் கெட்டியாகும் 20டபிள்யூ-40 ஊற்றிக் கொடுத்திருப்பார்கள். குளிரில் இன்ஜினைச் சுற்ற முடிகிறதா என்று 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதித்துத்தான் அந்தப் பெயரே வைக்கிறார்கள். ஊட்டியில் இரண்டிலும் ஓடும், ஆனால் வித்தியாசம் காதுக்கே கேட்கும்.

பெட்ரோல் கார்க்காரர்களுக்கு: சாவியை ஆன் செய்து, பம்ப் சத்தம் அடங்கியதும் ஆஃப் செய்து, மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் ராத்திரியில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. அதிலும் மாற்றமில்லையென்றால் மேலே சொன்ன கூலண்ட் சென்சார், பிறகு ஸ்பார்க் பிளக். எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனால் மட்டும் என்றால் குளிரில் ஆவியாகத் தயங்கும், சரி. ஆனால் 20 சதவீதக் கலவையில் மீதி 80 பங்கு பெட்ரோல்தானே, அதன் லேசான பகுதிகள் 0 டிகிரியிலும் ஆவியாகும்.

ஏர் ஃபில்டருக்குள் பெட்ரோல் துணியைக் காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது இரண்டும் ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் கூடவே கூடாது. பிளக் சிவந்திருக்கும் நேரத்தில் அது உள்ளே போனால் வேளை தவறி வெடிக்கும், பிஸ்டனோ ரிங்கோ உடையும்.

இவ்வளவும் பார்த்து, பிளக் மாற்றியும் குளிரில் தகராறு செய்தால் அப்புறம்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் காற்றழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கடைக்கு விடத்தான் வேண்டும். ஆனால் காலையில் கொண்டுபோய் விடாதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிடுங்கள், ஷெட்டுக்குள் அல்ல, வெளியே பனியில். சாவியை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மறுநாள் ஏழு மணிக்கு நீங்கள் போய், மெக்கானிக் பானெட்டைத் திறந்து மீட்டரை மாட்டிய பிறகு முதல் திருப்பு திருப்புங்கள்.